பெர்னாம் ஆற்றில் கைகொடுத்த அண்ணனுக்கு

போன ஞாயிறு சாயங்காலம் பெர்னாம் ஆற்றில் என் சின்ன மோட்டார் படகை ஊத்தான் மெலிந்தாங் படகுத்துறை வரை இழுத்து வந்த அண்ணே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். ரொம்ப நன்றி.

தப்பு என்னுடையதுதான். தண்ணீர் வற்றும் நேரத்தில், சீக்கிரம் போகலாமே என்று நீப்பா பனைகள் ஓரமாகக் கரையை ஒட்டி ஓட்டினேன். 15 குதிரைத்திறன் எஞ்சின் சேற்றை உறிஞ்சிவிட்டது. எஞ்சினைக் குளிர்வித்துப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்க வேண்டிய தண்ணீர் நின்றுபோய், மூடியில் கை வைக்க முடியாத சூடு. அப்போதும் மறுபடி ஸ்டார்ட் செய்யத்தான் பார்த்தேன் (பிடிவாதம், வேறென்ன). “தம்பி, கயிற்றை இழுக்காதே! உள்ளே பம்ப் ரப்பர் கருகிடும்” என்று நீங்கள் போட்ட அதட்டல்தான் எஞ்சினைக் காப்பாற்றியது.

துறைக்கு வந்ததும், சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, தண்ணீர் வரும் துளைக்குள் தூண்டில் நரம்பை விட்டுக் குடைந்தீர்கள். கருப்புச் சேறு கொழகொழவென்று வந்தது. அப்புறம் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை இறக்கி ஓடவிட்டுக் கழுவச் சொன்னீர்கள். வீட்டில் அப்படியே செய்தேன், இப்போது தண்ணீர் நன்றாக அடிக்கிறது.

பணம் நீட்டியதற்கு முறைத்தீர்கள். சரி, ஒரு தே தாரிக்காவது குடித்திருக்கலாம்.

உங்கள் பச்சைக் கயிறு என் படகிலேயே கிடக்கிறது. ஞாயிறு காலையில் துறையில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.