மேலே இடம் இருக்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. சின்ன அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு வந்தோம், எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க. மத்த சேதியெல்லாம் அப்புறம்.

இந்தப் பெட்டியை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருக்கேன். வீட்டுக்கு அனுப்பினா மாப்பிள்ளையோட அம்மா, உங்க அத்தை, மதியம் கண்ணசர்ற நேரத்தில் கூரியர்காரன் பெல் அடிப்பான், அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு. போனில் சொல்லலாம்னா நீ இப்பல்லாம் ஸ்பீக்கரில் போட்டுட்டு வேலை பார்த்துக்கிட்டே பேசுற. டிரில் அளவு, கயிறு முடிச்செல்லாம் அப்படிச் சொன்னா மனசில் நிக்காது. அதான் உட்கார்ந்து எழுதிட்டேன். நிதானமா படி. ஆபீஸிலேயே படிச்சிரு.

பெட்டியில் இருக்கிறது சைக்கிளைக் கூரையில் ஏத்தித் தொங்கவிடுற புல்லி. கீழராஜவீதிக் கடையில் மாமாகிட்ட சொல்லி வரவழைச்சேன். ரெண்டு புல்லி பிளேட், ரப்பர் உறை போட்ட ரெண்டு ஜோடி கொக்கி, நைலான் கயிறு, சுவத்தில் அடிச்சுக் கயிறைச் சுத்திக் கட்ட ஒரு இரும்புக் கொம்பு. எல்லாம் சரியா இருக்கான்னு அப்பா பிரிச்சு எண்ணிப் பார்த்துத் திரும்பக் கட்டினார். கூடவே வந்த பிளாஸ்டிக் பிளக்கை மட்டும் மாமா தூக்கி எறிஞ்சிட்டு, இரும்பு ஆங்கர் போல்ட் வச்சிருக்கார். சுவத்தில் படம் மாட்ட பிளாஸ்டிக் போதும், தலைக்கு மேலே நேரா தொங்குற பாரத்துக்கு அது ஆகாதுங்கிறார். கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிக்கிட்டே வருமாம்.

சைக்கிளை விற்கப் போறீங்கன்னு மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார். வீட்டில் இடம் இல்லையாம். அவர் சொல்றதும் சரிதான், ரெண்டு பெட்ரூமில் நாலு பேர், அத்தையோட கட்டில் வேற வந்திருக்கு. கீழே பார்க்கிங்கிலும் விட முடியாது. 2023 டிசம்பர் மழையில் தண்ணி நின்னு, பேரிங் எல்லாம் போய், நீ அதைக் கழுவித் துடைச்சு ரிப்பேர் பண்ண அலைஞ்சது எனக்குத் தெரியும். ஆனா பாப்பா, தரையில்தான் இடம் இல்லை. மேலே கிடக்கே. தீபாவளிக்கு வந்தப்ப நல்லா பார்த்தேன்.

இன்னொண்ணும் பார்த்தேன். பால்கனி ஓரத்தில் அந்தச் சைக்கிள் மேலே துண்டும் போர்வையும் காயுது. ரெண்டு டயரிலும் காத்து இல்லை. செயினில் விரல் வச்சேன், செம்மண் மாதிரி ஒட்டுச்சு. உன் சொந்த போனஸில் வாங்கினது அது. வாங்கின அன்னைக்கு எனக்கு வீடியோவில் கியரை மாத்தி மாத்திக் காட்டினியே. முகப்பேரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பஸ்ஸுக்கு நிக்காம போறேன்மா, காலையில் முகத்தில் காத்து அடிக்குதும்மான்னு சொன்ன. நம்ம ஊர்ப் பக்கம் ஓடின எத்தனையோ சைக்கிள் அந்த அம்பத்தூர் சைக்கிள் பாக்டரியிலிருந்துதான் வந்துச்சுன்னு அப்பா பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சார். ஏன் நிறுத்தினேன்னு நான் கேட்கலை. வேலை அதிகமா இருக்கும். ஆனா வேலை அதிகமா இருக்கிறப்ப யாராவது டயரில் காத்து இல்லாம விடுவாங்களா? சரி, விடு. காத்து அடிச்சுக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். முதல்ல ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுக்கோ. நாலு ஓட்டைதான், காலி பண்றப்ப புட்டி வச்சு அடைச்சு வெள்ளை அடிச்சுக் கொடுத்திடுறோம்னு சொல்லு. கேட்காம போட்டா அட்வான்ஸில் பிடிப்பாங்க.

எங்கே மாட்டணும்கிறதை நல்லா யோசி. உங்க வீட்டுக் கூரை தரையிலிருந்து ஒன்பதரை அடி இருக்கும். புல்லி, கொக்கி எல்லாம் ஒரு அடி எடுத்துக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரிலிருந்து சக்கரத்தின் அடிவரைக்கும் மூணரை அடி. ஆக, முழுசா ஏத்தினாலும் சக்கரம் தரையிலிருந்து அஞ்சடியில்தான் தொங்கும். நடக்குற வழியில் போட்டா மாப்பிள்ளை நெத்தியில் இடிக்கும், அப்புறம் அதுவே பேச்சாயிடும். அதனால் நடையில் வேண்டாம், ஹாலில் வேண்டாம். சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷினுக்கு மேலே போடு. கீழே மெஷின் இருந்தா அங்கே யாரும் நடக்க மாட்டாங்க. நீளம் ஆறடி வேணும், அங்கே இருக்கு. மெஷின் மூடியைத் திறந்தா சக்கரம் தட்டாதான்னு மட்டும் பார்த்துக்கோ. வெயில் நேரா அடிக்காத இடமும் அதுதான். நைலான் கயிறு வெயில் பட்டா நாளாவட்டத்தில் இத்துப் போயிரும்.

ஃபேன் கொக்கியில் கயிறு கட்டலாம்னு யாராவது சொல்லுவாங்க. கேட்காதே. அது ஃபேனுக்குப் போட்டது. துணி காயப்போட ஏத்தி இறக்குற கம்பி ஏற்கெனவே இருக்கே, அதிலேயே மாட்டலாமேன்னு சொல்லுவாங்க. அதையும் கேட்காதே, அது ஈரத் துணிக்கு உண்டானது. ஃபால்ஸ் சீலிங் இருக்கிற பக்கமும் போகாதே, அந்த ஜிப்சம் அட்டை ஒண்ணையும் தாங்காது. ஆங்கர் இறங்க வேண்டியது கான்கிரீட்டில். மேல்பூச்சு எவ்வளவு கனமோ அதைத் தாண்டித்தான் கணக்கு.

டிரில் போட ஆளைக் கூப்பிடு, நீ ஏணியில் ஏறாதே. சாதா டிரில் கான்கிரீட்டில் இறங்காது, ஹேமர் டிரில் வச்சிருக்கிற ஆளா கேளு. ஓட்டை போடுறதுக்கு முன்னாடி சுவிட்ச் போர்டு எங்கே, லைட் பாயின்ட் எங்கேன்னு காட்டிடு. தளம் போடுறப்பவே ஒயர் பைப்பை உள்ளே படுக்க வச்சுக் கான்கிரீட் ஊத்தியிருப்பாங்க. போர்டுக்கும் லைட்டுக்கும் நடுவில் உள்ள நேர்கோட்டில் டிரில் இறங்கக் கூடாது. வேலை முடியுற வரைக்கும் அந்தப் பக்கத்து லைனை அணைச்சு வை, டிரில்லுக்கு வேற லைனிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். நடுவில் கம்பி தட்டுச்சுன்னா வம்படியா குத்தாம ரெண்டு இஞ்ச் தள்ளிப் போடச் சொல்லு. ஓட்டையில் இருக்கிற தூளை ஊதி எடுத்துட்டுத்தான் ஆங்கரை இறக்கணும். தூளோட இறக்கினா பிடிமானம் இருக்காது.

நம்ம வீட்டிலேயே ஒண்ணு மாட்டிப் பார்த்துட்டேன், போர்ட்டிகோவில். தெரியாம உனக்கு எழுதக் கூடாதுன்னு. என் பழைய சைக்கிளையே ஏத்தினோம். கிணத்து ராட்டினம் மாதிரி இல்லை இது. ராட்டினம் பாரத்தைக் குறைக்காது, இழுக்குற திசையைத்தான் மாத்தும். இதில் கொக்கியோடவே ஒரு உருளை சேர்ந்து ஏறி இறங்குது, அதனால் பாரம் பாதியாகுது. உன் சைக்கிள் 14 கிலோன்னா ஏழு கிலோ தூக்குற பலம் போதும், உருளை தேய்ற கணக்கில் கொஞ்சம் கூட. பதிலுக்கு, ஒரு அடி ஏற ரெண்டடி கயிறு இழுக்கணும். பள்ளிக்கூடத்தில் படிச்சிட்டு வந்து இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

ஒரு கொக்கி ஹேண்டில்பாருக்கு, ஒண்ணு சீட்டுக்கு அடியில். பிரேக் ஒயர் கொக்கியில் நசுங்காம பார்த்துக்கோ. கியர், செயின் எல்லாம் பின்னாடி இருக்கிறதால் பின்பக்கம் கனம். இழுக்க ஆரம்பிச்சதும் முன்சக்கரம் மட்டும் மளமளன்னு ஏறும், பின்னாடி தரையிலேயே நிக்கும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு, கொம்பு தூக்கின மாடு மாதிரி நின்னுச்சு. பயப்படாதே. ஒரு கையால் பின்பக்கத்தை லேசா ஏந்திக் கொடுத்துக்கிட்டே ரெண்டு கயிறையும் சேர்த்து ஒரே சீரா இழு. ஹேண்டில் திரும்பாம இருக்க முன்சக்கரத்தைப் பிரேமோட ஒரு நாடாவால் கட்டிடு. தண்ணி பாட்டில், பை எல்லாத்தையும் கழட்டிட்டு ஏத்து. உன்னோடது எண்ணெய் பிரேக் ஆச்சே, அதுக்கும் இப்படிப் படுக்கைவசமா தொங்குறதுதான் நல்லது. ஒத்தைச் சக்கரத்தில் மாட்டி செங்குத்தா நிறுத்தினா, லைனில் காத்து இருந்தா அது இடம் மாறிப் பிரேக் பிடிக்கும்போது பொசுக்குன்னு இருக்கும்னு மெக்கானிக் சொன்னார்.

இதில் பூட்டு உண்டு. கயிறை விட்டா தானா பிடிச்சுக்கும், பக்கவாட்டில் இழுத்தா விடும். அதை நம்பாதே. ஏத்தி முடிச்சதும் சுவத்துக் கொம்பில் கயிறை எட்டுப் போல குறுக்கும் நெடுக்குமா சுத்திக் கட்டணும். ஒவ்வொரு தடவையும் கட்டணும். அவசரத்தில் கட்டாம போயிடாதே. இறக்கும்போது கயிறை விட்டுடாம கைக்குக் கை மாத்தி இறக்கு. நைலான் வேகமா ஓடினா உள்ளங்கையைக் கிழிச்சிடும்.

உனக்கு அப்பத்தா ஞாபகம் வருதா? எனக்கு இந்தப் பெட்டியைப் பிரிச்சதிலிருந்து அவங்க நினைப்புதான். அறிவொளி எழுத்தறிவு இயக்க வகுப்பில் நான் சைக்கிள் பழகினப்ப முதலில் எதிர்த்தவங்க அவங்க. நம்ம புதுக்கோட்டைக்கு ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். 1992 மகளிர் தினத்துக்கு டவுனில் ஊர்வலம் போயிட்டு வந்தா, வீட்டில் என்கிட்ட பேச்சே இல்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம நான் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினது வேற கோபம். அப்புறம் நீ பிறந்து, உன்னைப் பாரில் துண்டு சுத்தி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறதைப் பார்த்து அவங்க என்னமோ உள்ளுக்குள்ள இளகினாங்க. எனக்கு அது தெரியாது அப்ப. அந்த வருஷம் நல்ல மகசூல். நெல்லு மூட்டை திண்ணைவரைக்கும் அடுக்கியாச்சு, சைக்கிளுக்கு இடம் இல்லை. சித்தப்பா, நல்ல விலைக்குக் கேட்குறாங்க, கொடுத்திடலாம்னார். உங்க அப்பாவும் சரின்னு தலையை ஆட்டினார். நான் அடுப்படியில் நின்னுக்கிட்டே இருந்தேன். அப்பத்தா வெத்தலையைத் துப்பிட்டு, "மேல கிடக்குல்ல எடம்?"னு ஒரே வார்த்தை. பழைய கிணத்து ராட்டினத்தை உத்தரத்தில் கட்டச் சொல்லி, வடக்கயித்தைக் கோத்து, அவங்களே முன்னாடி நின்னு ஏத்தினாங்க. மூட்டை விக்கிற வரைக்கும் தினமும் காலையில் அவங்கதான் எனக்கு இறக்கிக் கொடுப்பாங்க. என்னைக் கேட்காமலேயே செஞ்சாங்க. அதுக்கப்புறம் அந்தச் சைக்கிளை விற்கிற பேச்சை யாரும் எடுக்கலை.

உங்க அத்தையும் நல்லவங்கதான். கேட்டா, துணிக் கம்பியை ஏத்துற மாதிரி இதுவும், கீழே ஒரு இடமும் அடைக்காதுன்னு சொல்லு. மாப்பிள்ளைகிட்ட அம்மா ஆசைப்பட்டு அனுப்பினாங்கன்னு சொல்லிடு, என் பேரில் போட்டுடு. விலை கேட்டா சொல்லாதே. ஆனா சைக்கிளை மட்டும் விற்காதே, பாப்பா. நீ ஓட்டினாலும் ஓட்டலைன்னாலும் அது உன்னோடதா அந்த வீட்டில் இருக்கட்டும். எதுக்குச் சொல்றேன்னா, ஒரு நாளைக்கு வெளியே போகணும்னு தோணுச்சுன்னா கயிறை இறக்கினா போதும்ல. வேற ஒண்ணுமில்லை.

இளைச்சிருக்க. வேளைக்குச் சாப்பிடுறியான்னு கேட்டா ம்ம்னு சொல்ற. பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் பெட்டிக்கு அடியில் இருக்கு, கயித்துக்குக் கீழே தேடு. ஆபீஸிலேயே ஒரு பாட்டிலை வச்சுக்கோ.

மாசத்துக்கு ஒரு தடவை கயிறு எங்கேயாவது பிசிறடிக்குதான்னு பாரு. போல்ட் ஆடுதான்னு ஆளை விட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லு. செயினுக்கு எண்ணெய் விட்டா துடைச்சிட்டு ஏத்து, மெஷின் மேலே சொட்டினா அதுக்கொரு பேச்சு வரும். கயிறைக் கொம்பில் கட்டணும், மறந்துடாதே. ஃபேன் கொக்கி கூடவே கூடாது.

கடைசியா ஒரு வேலை. ரெண்டு பிளேட்டையும் நேரா தளத்தில் அடிக்க வேண்டாங்கிறார் மாமா. ஒரு தேக்குப் பலகையை நாலு ஆங்கரில் தளத்தோட சேர்த்து முறுக்கிட்டு, பிளேட்டைப் பலகையில் திருகினா, கம்பியோ பைப்போ குறுக்கே வந்தாலும் ஓட்டையைத் தள்ளிப் போட்டுக்கலாம். பலகையை அவரே இழைச்சுத் தரேன்னுட்டார். பொங்கல் கழிச்சு போட் மெயில் ரயிலில் நான் எடுத்துட்டு வரேன், நாலு நாள் இருப்பேன். அதுவரைக்கும் எதையும் மாட்டாதே, எதையும் விற்காதே. அளவு மட்டும் வேணும். ஹேண்டில்பாரில் கொக்கி வர்ற இடத்திலிருந்து சீட்டுக்கு அடியில் கொக்கி வர்ற இடம்வரைக்கும் டேப் வச்சு அளந்து, இஞ்சில் எழுதி எனக்கு மெசேஜ் போடு. இந்த வாரத்துக்குள்ள போடு, மாமா மரத்தை எடுத்து வச்சிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கார்.

அன்புடன்,
அம்மா