தாழியை அகலமாகச் செய்

பாளையங்கோட்டை,
செவ்வாய் இரவு.

அன்புள்ள சங்கரலிங்கம்,

உம்ம கடுதாசி வந்து நாலு மாசம் ஆச்சு. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். முட்டி பரவாயில்லை. சர்க்கரை இறங்கவில்லை, அல்வாவை நிறுத்தினேனா என்று மட்டும் கேட்காதேயும்.

இப்போது உட்கார வைத்தவள் மகள். லண்டனிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். டிரபால்கர் சதுக்கத்துப் பக்கம் செயின்ட் மார்ட்டின் கோயில். அதற்கு அடியில் செங்கல் வளைவு போட்ட பெரிய அறை. ஒரு காலத்தில் செத்தவர்களை வைத்த இடம், இப்போது காபிக் கடை! தரையில் பாவியிருப்பது பெயர் வெட்டிய கல்லறைக் கல். யாரோ ஒருத்தர் பெயரின் மேல் இவள் செருப்புக் கால். "அப்பா, இதை கிரிப்ட் என்கிறார்கள், தமிழில் என்ன?" என்று கேட்டிருந்தாள். முப்பது வருஷம் தமிழ் வாத்தியார். சட்டென்று வாயில் வரவில்லை வே.

கிரேக்கத்தில் 'மறைந்தது' என்று பொருள். உம்ம மாப்பிள்ளை பணம் போட்டாரே கிரிப்டோ, அதற்கும் இதுதான் பாட்டன். பொருத்தமான பெயர்தான். அவரிடம் சொல்லிவிடாதேயும்.

நிலவறை என்று எழுதி அடித்தேன். நிலவறையில் நெல்லும் கிடக்கும், நகையும் கிடக்கும். பாதாளக் கல்லறை என்றால் மர்மப் படத் தலைப்பு. அப்புறம்தான் கல்லறையையே பிரித்துப் பார்த்தேன். கல், அறை. அறை வே! ஆரல்வாய்மொழியைத் தாண்டினால், 2011ல் திறந்தார்களே பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகள், மலையாளத்தில் அவற்றுக்குப் பெயரே கல்லறைதான். அரிமத்தியா யோசேப்பு பாறையில் வெட்டி வைத்திருந்ததும் அறைதானே? நாம்தான் மண்மேட்டில் சிமெண்டு பூசி அதையும் கல்லறை ஆக்கிவிட்டோம். 'கோயிலடிக் கல்லறை' என்று அனுப்பினேன். நீளமாம்.

விட மனசில்லாமல் சனிக்கிழமை இடையன்குடிக்குப் பஸ் ஏறினேன். கால்டுவெல் 1891ல் கொடைக்கானலில் இறந்தார்; அங்கிருந்து கொண்டுவந்து, தாம் கட்டிய கோயிலின் பீடத்துக்குக் கீழேயே அடக்கம் செய்தார்கள். அத்தனை மொழிகளின் வேரைத் தோண்டிய மனுஷன் படுத்திருக்கிற இடத்தில் நின்று, நான் ஒற்றைச் சொல்லுக்குத் திண்டாடினேன். நீர் மயிலாப்பூரில்தானே இருக்கிறீர்? சாந்தோம் கோயிலுக்கு அடியில் தோமா கல்லறைக்கு இறங்கிப் போகலாம். ஒரு நாள் போய், அங்கே என்ன பெயர் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்.

திரும்பி வரும்போது முதுமக்கள் தாழி ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் பொறுக்கினோமே ஓடு, அது இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. புறநானூற்றில் புருஷனை இழந்த ஒருத்தி குயவனைக் கேட்பாளே, வண்டி ஆரக்காலில் ஒட்டிய பல்லி மாதிரி அவரோடேயே வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கிற மாதிரித் தாழியை அகலமாகச் செய் என்று. எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன் அந்தப் பாட்டை! ஐந்து மார்க் கேள்வி என்று சொல்லிச் சொல்லியே நடத்தினேன்.

உம்ம தங்கச்சி போய்ச் சேர்ந்து, வருகிற நவம்பரோடு மூன்று வருஷம். கல்லறைத் தோட்டத்தில் அவள் பக்கத்தில் இடம் கேட்டேன். இல்லையாம், இனி யாருக்குமே தனி இடம் கிடையாதாம். வேண்டுமானால் மேல் கட்டுமானத்தைப் பிரிக்கிற மாதிரிக் கட்டி வையும், பிற்பாடு அதையே திறந்து உம்மையும் வைத்துவிடலாம் என்று ஒரு பையன் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னான். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

கொத்தனாரிடம் பேசியாயிற்று. நாலு பேர் தூக்குகிற மாதிரி ஸ்லாப்பாகப் போடச் சொன்னேன். அந்த ஆள் நூல் பிடித்தால் கோணும்; என் வீட்டுத் திண்ணையே சாட்சி. நீர் பொதுப்பணித் துறையில் காலமெல்லாம் டேப் பிடித்தவர். பொங்கலுக்கு வரும்போது ஒரு எட்டு கூட வந்து அளந்து கொடும்.

உம்ம,
தேவராஜ்