ஆயில் பேனைக் கழற்றிப் பார்க்காமல் கியர்பாக்ஸை மாற்றச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என்னுடையது 12 வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார். சிக்னலில் கிளம்பும்போது இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி ஒரு நொடி கழித்துத்தான் குலுங்கி நகரும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், 2 லட்சத்து 60 ஆயிரம் ஆகும் என்றார்கள். வண்டியை விற்றாலே 3 லட்சம்தான் தேறும்! இரண்டு நாள் தூக்கமே இல்லை.

அப்புறம் ஆட்டோமேட்டிக் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேனை, அதாவது ஆயில் தேங்கும் தட்டை, கழற்றினார். புதிதில் சிவப்பாக இருக்கும் ஆயில் நன்றாகக் கருத்திருந்தது, ஆனால் தீய்ந்த வாடை இல்லை. பேனுக்குள் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒரு படிவு. அதை விரலில் தேய்த்துக் காட்டி, "இது சாதாரணத் தேய்மானம் சார், இரும்புச் சில்லு கிடந்தால்தான் பயப்படணும்" என்றார். கோளாறு ஒரு சொலினாய்டில், அதாவது கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வில். அதை மாற்றி, ஃபில்டரும் ஆயிலும் புதிதாகப் போட்டு 34 ஆயிரத்தில் முடிந்தது. எட்டு மாதமாக நன்றாக ஓடுகிறது.

உள்ளே கிளட்ச் தகடுகள் கருகிப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், சரி. ஆனால் பேனைக் கூடக் கழற்றாமல் அதை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீடுகளையும் பேனின் புகைப்படத்தையும் எஸ்டிமேட்டோடு சேர்த்துத் தருவதை எல்லா சர்வீஸ் சென்டர்களும் வழக்கமாக்க வேண்டும்.

ஒரு வாசகர், மதுரை