2024–25 ஆண்டறிக்கை: கைக்குழந்தையோடு படிக்க வரும் பெண்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதியோர் உதவித்தொகை மனுக்கள், கண் சிகிச்சை முகாம், மாலை நேரப் படிப்பகம் ஆகிய வேலைகள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் விரிவாகப் பேச நினைப்பது, பதினெட்டு நிறையும் முன்பே தாயாகிவிட்ட நம் வட்டாரத்துப் பெண்களின் படிப்பையும் பிழைப்பையும் பற்றி.

பென்னாகரம் பக்கம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள், வயசுப் பெண்ணை வீட்டில் தனியாக விட்டுப் போகப் பயந்தே அவசரமாகக் கட்டிக்கொடுக்கின்றன. அதைத் தடுக்க நாம் தொடர்ந்து பேசுகிறோம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தகவல் சொல்கிறோம். ஆனால் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு யார் துணை?

அரசுத் திட்டங்களின் வயது வரம்பைப் பாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர 18 வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்க்கு 19 வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு 21. பணத்துக்காகச் சின்ன வயதில் கட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதால் மகப்பேறு நிதிக்கு வரம்பு வைத்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் பதினேழில் பிள்ளை பெற்றவளுக்கு, செலவு அதிகமாக இருக்கும் அந்த நேரத்தில் இவற்றில் ஒன்றும் கைக்கு வருவதில்லை. போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குக்குப் பயந்து கர்ப்பத்தையே பதியாமல் மறைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அது தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. அப்படிப் பிறந்த குழந்தைக்குச் சட்ட உரிமை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமே அதை முறையான குழந்தை என்கிறது. இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னோம்.

சரி, திறந்திருக்கும் வழிகள் எவை? பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு முன் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வருடத்தை இழப்பவர்கள் அதிகம் என்பதால், பதிவு தொடங்கும்போதே நம் பெண்களை அழைத்துச் சென்றோம். தேர்வைவிட மாற்றுச் சான்றிதழ் வாங்குவதுதான் பெரும்பாடு. ஒரு பள்ளியில் "இனி எதற்கு இவளுக்குப் படிப்பு?" என்று கேட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்ணின் முன்னால் கேட்கக் கூடிய கேள்வியா அது?

என் அனுபவத்தில் இவர்களுக்கு மிகவும் ஒத்துவருவது அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.தான். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. எட்டாம் வகுப்போடு தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் மேற்படிப்புக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் சேரும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று அஞ்சல் வழிப் படிப்பை எடுத்தால் அந்த ஆயிரம் கிடையாது. சேரும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

தகப்பன்களையும் மறக்கக் கூடாது. அவர்களும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். படிப்பை விட்டுச் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர்கள். அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. சேரும் பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆனால் தினக்கூலியை விட்டு வகுப்புக்கு வரச் சொன்னால், அன்றைக்கு அடுப்பு எரிய என்ன வழி என்று கேட்கிறான். அதற்கு நம்மிடம் இன்னும் பதில் இல்லை.

எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பது குழந்தையை யாரிடம் விடுவது என்பதுதான். அங்கன்வாடி முன்பருவக் கல்விக்கு இரண்டு வயதில்தான் சேர்க்கிறார்கள். அதற்குள் மாமியார் மனது வைத்தால் படிப்பு, இல்லையென்றால் இல்லை. மத்திய அரசின் பாலனா திட்டத்தில் ஆறு மாதக் குழந்தை முதல் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்கு இடம் இருக்கிறது. நம் ஒன்றியத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்து அப்படி ஒன்று வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன்.

அப்புறம், ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வருகிறது. உங்கள் தெருவில் இப்படிப் படிப்பை விட்ட பெண்ணோ பையனோ இருந்தால் ஆதார், மதிப்பெண் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றோடு சங்க அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை நாங்களே போட்டுத் தருகிறோம்.

நன்றி.

செயலாளர்