பொது அறிவு வகுப்புக்கு ஒரு பிடி உப்பு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளை எனக்குக் கிடைத்தது. "உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஆண்டு?" என்று கேட்டு முடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு குரல்கள் "1930" என்றன. சரி, போராட அத்தனை விஷயம் இருக்க, காந்தி ஏன் உப்பைக் கையில் எடுத்தார் என்று கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பொது அறிவு என்றால் ஒரு கேள்வி, ஒரு வரி விடை என்று பழக்கியது நாம்தான். பள்ளிக்கும் அதில் பங்கு உண்டு.

மறுநாள் சத்துணவுக் கூடத்தில் கொஞ்சம் கல் உப்பும் தூள் உப்பும் வாங்கி, கறுப்புத் தாளில் தூவி, லென்ஸை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். "சார், தூள் உப்பு எல்லாம் குட்டிக் குட்டி டப்பா மாதிரி இருக்கு!" என்றாள் ஒருத்தி. சோடியமும் குளோரினும் மாறி மாறிக் கட்டம் கட்டமாக அடுக்கி நிற்பதால்தான் அந்தக் கனசதுர வடிவம். அப்புறம் கேள்விகள் நிற்கவில்லை. கருவாடு ஏன் கெடுவதில்லை? பாக்கெட்டில் அயோடின் என்று ஏன் போட்டிருக்கிறது? அயோடின் குறைந்தால் கழுத்தில் வரும் கழலையைப் பற்றிச் சொன்னதும் ஒரு பையன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

முதல் நாள் கேள்விக்கும் அங்கேதான் விடை வந்தது. கூலிக்காரர் வீட்டுக் கஞ்சிக்கும் உப்பு வேண்டும். அதற்கும் வெள்ளைக்காரன் வரி போட்டான். வாசலில் கடல் இருந்தாலும் சொந்தமாக உப்புக் காய்ச்சினால் குற்றம். அதே 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே புறப்பட்டதைச் சொன்னபோது, தண்டியை மட்டும் படித்திருந்த பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஒரு மாணவியின் பாட்டி இளம் வயதில் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர். "எனக்கு என்ன தெரியும், பள்ளிக்கூடமே போகாதவ" என்று தயங்கியவரை வற்புறுத்தித்தான் அழைத்தோம். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுவது, உப்பு விளைந்ததும் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவது, வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசியது என்று முக்கால் மணி நேரம் பேசினார். கசப்புக்குக் காரணம் மக்னீசிய உப்புகள் என்று அறிவியல் ஆசிரியர் எடுத்துச் சொன்னார். எனக்கே அன்று பல விஷயம் புதிது.

அதனால் இனி வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இப்படித்தான் இருக்கும். வாரம் ஒரு பொருள், அடுத்தது புளி. வினா விடைப் புத்தகம் வாங்கித் தர வேண்டாம். வீட்டில் புளியை எப்படி, எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று பிள்ளை கேட்டால் கொஞ்ச நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். பித்தளைப் பாத்திரம் தேய்ப்பதாக இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். உங்களில் கொத்தனார், தறி நெய்பவர், டிரைவர், நர்ஸ் யாராக இருந்தாலும் வகுப்புக்கு வந்து உங்கள் வேலையைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் மிகவும் மகிழ்வோம். வர முடிகிற நாளைப் பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

வியாழக்கிழமைக்குள் ஒரு சிறு உருண்டைப் புளியும், கறுத்துப்போன பழைய பித்தளைச் சாமான் ஏதாவது ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சாமானில் பெயர் ஒட்டிவிட்டால் பத்திரமாகத் திரும்பி வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்