இரண்டு அகப்பைச் சோறு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். தம்பிலுவிலில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கலியாண வீட்டில் என்னைக் கண்ட யாரோ “ஆள் வற்றிப்போனான், ஏதோ வருத்தம்போல” என்று உன்னிடம் சொல்லி, நீ பயந்துபோய் போன் எடுத்தாய். பஸ்ஸுக்குள் நின்றபடியால் ஒழுங்காகக் கதைக்க முடியவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

வருத்தம் ஒன்றுமில்லை. நானாகத்தான் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். நாலு மாதமாகிறது. 71 கிலோ இருந்தவன் இப்போது 67. அப்பா 61 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது உனக்குத் தெரியும். நீதானே வண்டி பிடிக்க ஓடினாய். எனக்கு 59 நடக்கிறது. இந்த வருடம் இரத்தம் சோதித்தபோது வெறுவயிற்றில் சீனி 112. “இது இன்னும் சீனி வருத்தம் இல்லை, ஆனால் அந்த வழியில்தான் போகிறீர்கள்” என்றார் டொக்டர். பேத்திக்கு மூன்று வயது. அவள் படித்து ஆளாவதைப் பார்க்க எனக்கு ஆசை மச்சான், அவ்வளவுதான்.

மகள் கேக் அடிக்க வாங்கிய சின்னத் தராசில் ஒரு மத்தியானம் என் சோற்றை வைத்து நிறுத்துப் பார்த்தேன். 420 கிராம். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. கறி இல்லாமல், ஒரு வேளைச் சோற்றில் மட்டும் 550 கிட்ட வந்துவிட்டது. அதற்குமேல் நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. அது ஒரு 200. இத்தனை வருடமாக இதையெல்லாம் நான் சாப்பாடு என்று எண்ணினதே இல்லை. எல்லாம் கூட்டினால் நாளுக்கு 2200 வந்தது. இப்போது 1900இல் நிற்கிறேன்.

ஏன் 1900 என்று கேட்பாய். அமெரிக்காவில் 218 பேரை வைத்து இரண்டு வருடம் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். முடிவு 2015இல் வந்தது. குண்டான ஆட்கள் இல்லை, சாதாரண உடம்புக்காரர்கள். நாளாந்தக் கலோரியை 25 வீதம் குறைக்கச் சொன்னார்கள். அவர்களால் சராசரியாக 12 வீதம்தான் முடிந்தது. அந்தப் 12 வீதத்துக்கே பிரஷரும் கெட்ட கொழுப்பும் இறங்கியிருக்கின்றன. என் 2200இல் 12 வீதம் கழித்தால் 1900 சொச்சம். கூடவே எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதில் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் இல்லை என்பதால் எனக்கு இந்த எலும்புச் சங்கதி முக்கியம். அதனால்தான் விடிய ஐந்து மணிக்குக் கல்லடிப் பாலத்தில் போய்வர ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். மீனையும் முட்டையையும் ஒரு துண்டுகூடக் குறைக்கவில்லை.

ஆயுள் கூடுமா என்றால், எலிகளுக்குக் கூடியது 1935இலேயே தெரியும். குரங்குகளில் இரண்டு இடத்தில் இருபது வருடத்துக்குமேல் பார்த்தார்கள். ஓரிடத்தில் குறைவாகத் தின்றவை கூடுதல் காலம் இருந்தன, மற்ற இடத்தில் வித்தியாசம் இல்லை. முதல் இடத்துக் குரங்குகளின் தீனியில் சீனி அதிகம்; குறைக்காத குரங்குகள் வேண்டியமட்டும் தின்றன. மற்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் அளந்துதான் போட்டிருக்கிறார்கள். அதை வாசித்த அன்றே தேத்தண்ணிச் சீனியை நிற்பாட்டினேன். இப்போது ஒரு கடி பனங்கட்டியோடு வெறும் தேத்தண்ணி, நாளுக்கு இரண்டு தரம். தேங்காய் முதற்பால் விட்ட கறிக்குப் பதிலாக சூடை மீன் புளியாணம், முருங்கையிலைச் சுண்டல், சிவப்பரிசிச் சோறு இரண்டு அகப்பை. முதல் இரண்டு கிழமை இரவில் வயிறு கூப்பிட்டது. பிறகு பழகிவிட்டது.

பழகாதது அம்மாதான். 82 வயது. நான் இரண்டாவது அகப்பையோடு கையைக் கோப்பைக்குமேல் விரித்தால், சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பா. ஒருநாள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சோத்துக்கு வஞ்சகம் பண்ணாத மனே” என்று அழுதா. எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை. 78 சூறாவளிக்குப் பிறகு விழுந்த தென்னைகளின் குருத்தை வெட்டி எங்களுக்குத் தந்தவ அவ. 90இல் அகதி முகாமில் ஒரு சுண்டு அரிசியை ஏழு பேருக்குக் கஞ்சியாக்கி, தான் குடித்ததாகச் சொன்னவ. அவவுக்கு வற்றின உடம்பு என்றால் அந்த நாட்கள்தான். கலோரி, ஆய்வு என்று நான் சொல்லி என்ன விளங்கும்? இப்போது என் சோற்றை அம்மாவின் கையாலேயே போடச் சொல்லியிருக்கிறேன். எடுக்கும் அகப்பை பெரிதாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை. அவவுக்கு முன்னால் தராசை எடுப்பதில்லை.

ஒரு விசயம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதைப் பார்த்து நீயாகத் தொடங்கிவிடாதே. நீ சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறாய். சில குளிசைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சீனி சட்டென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம். ஊசி போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். கிளினிக்குக்குப் போகும்போது உன் குளிசைப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, “நான் சோறு குறைக்கப்போகிறேன், குளிசை அளவை மாற்ற வேண்டுமா” என்று வாய்விட்டுக் கேள். நீ கூச்சப்படுகிறவன், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ. கேட்காமல் ஒரு பிடி சோறும் குறைக்காதே.

ஆடி அமாவாசைக்கு திருக்கோவில் தீர்த்தத்துக்கு வருவேன். அப்பாவுக்கு விரதம் பிடித்து, கடலில் தீர்த்தமாடிவிட்டு நேரே உன் வீட்டுக்குத்தான். தங்கச்சி வழமைபோல ஏழு கறி, பாயாசம், வடை என்று தொடங்கிவிடுவா. ஒரு பருப்பும் ஒரு கீரையும் போதும் என்று இப்போதே சொல்லிவை. அதற்குள் நீ கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். டொக்டர் என்ன சொன்னார் என்று அன்று இரவே போன் எடு.

அன்புடன்,
உன் மச்சான்