நம்மாளுன்னு சொன்னியே தம்பி

தம்பி,

அன்னைக்கு நீ போன வச்சதுக்கப்புறம் எனக்கு தூக்கமே வரல. உன் தலைவர் எடுத்த ஒரே ஒரு முடிவ தப்புன்னு சொன்னேன், உடனே நீ "அப்போ நம்மாளுங்க மேலயே உனக்கு மரியாதை இல்லையாக்கா"ன்னு கேட்ட. நான் பேசினது அவரைப் பத்தி, உன் காதுல விழுந்தது உன்னைப் பத்தி.

ஹென்றி டாஜ்ஃபெல்னு ஒரு உளவியல்காரர், போலந்துல பிறந்த யூதர், ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்ககிட்ட கைதியா இருந்துட்டு திரும்பினப்ப குடும்பத்துல கிட்டத்தட்ட யாருமே மிச்சமில்ல. அவர் 1970 வாக்குல பிரிஸ்டல்ல 14, 15 வயசுப் பசங்கள, ரெண்டு ஓவியர்ல யாரோட படம் புடிக்குதுங்கறத வச்சு பிரிச்சிருக்கோம்னு சொல்லி ரெண்டு குரூப்பாக்கினார். நெசத்துல அது சும்மா பிரிச்சதுதான். யார் தன் குரூப்னு முகம் தெரியாது, பேர் தெரியாது, வெறும் நம்பர். ஆனாலும் காசு பங்கு போடச் சொன்னா, எதிர் குரூப்ப விட நம்ம குரூப்புக்கு கூட இருக்கணும்னு, தன் குரூப்புக்கு வர வேண்டிய மொத்தத்தையே குறைச்சுக்கவும் ரெடியா இருந்தாங்க. ஒரு படத்துக்கே இப்படின்னா, பொறந்ததுல இருந்து கூட வர்ற அடையாளத்துக்கு எவ்ளோ இழுப்பு இருக்கும்.

2003-ல ஜெஃப்ரி கோஹன்னு ஒருத்தர் அமெரிக்க காலேஜ் பசங்ககிட்ட ஏழைங்களுக்கான உதவித் திட்டத்த காட்டினார், திட்டத்துல என்ன இருக்குங்கறத விட அத எந்த கட்சி ஆதரிக்குதுங்கறத வச்சுதான் பசங்க முடிவு பண்ணாங்க. கேட்டா, நான் திட்டத்த பாத்துதான் சொன்னேன்னாங்களாம். பொய் சொல்லல தம்பி, அப்படித்தான் நம்பியிருக்காங்க.

உன்ன குத்தம் சொல்ல வரல. காலங்காலமா ஒதுக்கி வச்சவங்க நடுவுல இருந்து ஒருத்தர் மேடை ஏறினா முதுகு தானா நிமிரும், அந்த சந்தோஷம் நியாயமானது, அத யாரும் கிண்டல் பண்ணக்கூடாது. ஆனா அந்த நிமிர்ந்த முதுகுக்குப் பின்னாடி தலைவருங்க ஒளிஞ்சுக்கறாங்க பாரு, அதுதான் எனக்கு வலிக்குது. கணக்கு கேட்டா "இது என் மேல தாக்குதல் இல்ல, உங்க மேல"ங்கறாங்க, நாமளும் முன்னாடி போய் நின்னுடறோம், கேட்ட கேள்வி அப்படியே கெடக்கு.

நானும் நின்னிருக்கேன். என் பக்கத்து தலைவர் இதே மாதிரி ஒண்ணு பண்ணப்ப "அவருக்கு என்ன நெருக்கடியோ"ன்னு வாய மூடிக்கிட்டேன், நீ கேட்டப்பவும் பேச்ச மாத்தினேன். அது தப்பு.

அதே முடிவ எதிர்ப்பக்க தலைவர் எடுத்திருந்தா நீ என்ன சொல்லியிருப்பன்னு எனக்கு எழுதி அனுப்பு. என் தலைவர் பண்ணதுக்கு நான் எழுதி வச்சுட்டேன், உன்னோடது வந்ததும் அனுப்பறேன்.

அக்கா